பதிஞ்சு வைப்பம் என்று பதியாதீர்கள்

போன கிழமை மண்டூரிலிருந்து ஒரு தாயும் மகனும் குருமண்வெளிப் படகுப்பாதையில் ஏறி என்னைப் பார்க்க வந்தார்கள். மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. தேர்ட் ஷையில், அதாவது மூன்றாம் முறை எழுதியதில், நல்ல இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) எடுத்திருந்தான். போனைத் திறந்து காட்டினான். திரையின் மூலை வெடித்திருந்தது, அந்த வெடிப்புக்குள்தான் அவன் புள்ளி கிடந்தது. பெருவிரலால் மேலே தள்ளித் தள்ளிக் காட்டினான். போன வருட வெட்டுப்புள்ளியோடு, அதாவது இடம் கிடைத்த கடைசிப் புள்ளியோடு பார்த்தால் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு மருத்துவ பீடத்தை எட்டக்கூடிய புள்ளி. தாயின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "செக்கன்ட் ஷை ரிசல்ட்டுக்கு எங்கயும் பதிஞ்சீங்களா மகன்?"

"ஓம் மிஸ். வேற மாகாணத்தில ஒரு கம்பஸ் கிடைச்சது. சும்மா பதிஞ்சு வைச்சன். மூணு மாசம் போயிட்டு ரியூசனுக்குத் திரும்பி வந்துட்டன்."

எனக்கு வயிறு கலங்கியது. தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பதிவ வெட்டி விட்டாச் சரிதானே மிஸ்?" என்று கேட்டார். சரியில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வருடத்தில் இது மூன்றாவது பிள்ளை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வருடமாகப் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் குறைந்த புள்ளி எடுத்து வந்தால் பேச எனக்கு ஆயிரம் வழி தெரியும். நல்ல புள்ளி எடுத்தும் கதவு மூடிக்கிடக்கிற பிள்ளைக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

ஆகவே பொறுமையாக வாசியுங்கள். ஏற்கெனவே தெரியும் என்று தாண்டிப் போகாதீர்கள், அந்தப் பையனுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தரும் இடம் பஸ்ஸில் லேஞ்சி போட்டுப் பிடித்து வைக்கிற சீட் இல்லை. ஒரு பெறுபேற்றை வைத்துத் தெரிவாகி, அரச பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்தால், பிந்திய பரீட்சைப் பெறுபேற்றை வைத்து மறுபடி விண்ணப்பிக்கும் தகுதியை இழக்கிறீர்கள். விரிவுரைக்குப் போனீர்களா இல்லையா என்பது பேச்சில்லை. விடுதியில் பெட்டி வைத்தீர்களா என்பதும் பேச்சில்லை. பதிவு என்பதுதான் பேச்சு. தெரிவாகியும் பதியாமல் விட்ட பிள்ளை அடுத்த ஷை எழுதி மறுபடி விண்ணப்பிக்கலாம். பதிந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இது யாரோ சொன்ன கதை அல்ல. ஒவ்வொரு வருடமும் வெளிவரும் அனுமதிக் கைநூலில் நிபந்தனையாக அச்சிட்டிருக்கிறது. அதை வாங்கி, யூனிகோட் (கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்குமான குறியீடு) அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். முன்பக்கங்களில்தான் உங்கள் தலையெழுத்து இருக்கிறது பிள்ளைகளே.

இந்தப் பிழையான புத்தியை யார் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பேன். ரியூசன் வாசலில் நிற்கிற ஒரு அண்ணன். கொழும்பில் வேலை செய்கிற மாமா. முன்வீட்டு அக்கா, அவர் பதிந்தது பத்து வருடத்துக்கு முன்பு. கெட்ட எண்ணத்தில் ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் நாளை பதிவுப் படிவத்தில் கையொப்பம் இடப்போவது அவர்கள் அல்ல.

சரி, அப்படியென்றால் பதியாமல் தேர்ட் ஷை எழுதுவதா? எல்லாருக்கும் அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று முறைதான் கணக்கு, மூன்றாவதோடு முடிந்தது. நான் பிள்ளையிடம் முதல் ஷை, இரண்டாம் ஷை இரண்டின் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஒரே ஒரு பாடம் கீழே இழுத்திருந்து, மற்ற இரண்டும் ஏறியிருந்தால், அந்தப் பாடத்துக்காக இன்னொரு வருடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று பாடமும் இருந்த இடத்திலேயே இருந்தால், அதே ரியூசன், அதே நோட், அதே மேசை மூன்றாம் முறை வேறு முடிவைத் தரும் என்று நான் நம்புவதில்லை. அந்தப் பிள்ளை பதிவது நல்லது, ஆனால் படிக்கப் போகிறேன் என்று பதிய வேண்டும். மனது எங்கேயோ இருக்க, பெயரை மட்டும் அங்கே வைப்பது இரண்டு பக்கமும் நட்டம். அந்த இடம் பின்னால் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கும்.

விண்ணப்பத்தில் போடும் தெரிவு ஒழுங்கு பற்றியும் ஒரு வார்த்தை. "கடினமானதை முதலில் போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்" என்று பயந்து, விருப்பமில்லாத கற்கைநெறியை முதலாவதாகப் போடுகிறார்கள். அப்படி ஒன்றும் போகாது. உங்கள் முதல் தெரிவிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வருவார்கள், எங்கே உங்கள் புள்ளி எட்டுகிறதோ அங்கே நிறுத்துவார்கள். உண்மையில் விரும்புகிறதை மேலே போடுங்கள். அப்புறம், போன வருட வெட்டுப்புள்ளி போன வருடத்துக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன, அதற்கென 5 வீத ஒதுக்கீடும் உண்டு. ஆனாலும் அந்த வருடம் எழுதிய பிள்ளைகளைப் பொறுத்தே எல்லாம் ஏறும், இறங்கும்.

இனி ஊர் விசயம். "வந்தாறுமூலைதானா கிடைச்சது?" என்று கேட்கும் உறவுக்காரருக்கு நான் இப்போதெல்லாம் கோபத்தை மறைப்பதில்லை. 1981 இல் விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கும் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் அது. இன்று அதற்கு மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கும் பீடம் உண்டு, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் நோயாளர்களோடு அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இசை, நடனம், சித்திரம் என்றால் கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதியைத் தவறவிட்டு அழுது வருகிற பிள்ளையும் ஒவ்வொரு வருடமும் உண்டு. அம்பாறைப் பக்கம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம்: ஒலுவிலில் பொறியியல் பீடம், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம். இதையெல்லாம் கையருகே வைத்துக்கொண்டு, கொழும்பு என்ற பெயருக்காக விருப்பமில்லாத கற்கைநெறிக்குப் போகாதீர்கள். மறுபக்கமும் சொல்கிறேன். கணினி, பொறியியல் என்று மொறட்டுவை கிடைத்த பெண்பிள்ளையை "தூரம்" என்று சொல்லி வீட்டில் மறிக்காதீர்கள். கம்பனிகள் அங்கே பக்கத்தில் இருக்கின்றன, பயிற்சிக்குப் போய்வர லேசு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று கல் மண் சேர்க்கிற ஊர் இது, அந்தப் பாரம் எனக்குத் தெரியும். அத்திவாரம் ஒரு வருடம் பிந்தினால் வீடு கட்டலாம். பதிவுத் திகதி பிந்தினால் ஒன்றும் செய்ய முடியாது.

தூரம் போகிற பிள்ளைக்குக் காசுக் கணக்கு எழுதாமல் அனுப்பாதீர்கள். ஒரு தாய் என் மேசையில் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த அடகுச் சீட்டை விரித்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. மகன் கொழும்புக்குப் போன முதல் மாதத்திலேயே காப்பு அடகுக்குப் போய்விட்டது. அறைக்கு அட்வான்ஸ் கேட்பார்கள் என்று வீட்டில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்து எழுதுங்கள்: அறை வாடகை, அட்வான்ஸ், மூன்று நேரச் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி, டேட்டா, மருந்து, ஊருக்கு வந்துபோக உதயதேவி, மீனகயா ரயில் டிக்கெட். மஹாபொல புலமைப்பரிசிலை நம்பி இருக்காதீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள், நல்ல விசயம். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250 ரூபாய், ஒரு சோற்றுப் பார்சலுக்கே அது சரி. முதல் தவணை கைக்கு வரவும் மாதங்கள் எடுக்கும். முதல் ஆறு மாதத்தை மஹாபொல இல்லாமல் ஓட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், விடுதிக்கும் நிதியுதவிக்கும் விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பலாம். நுண்கடன்காரரிடம் மட்டும் போகாதீர்கள். அந்தக் கிழமைத் தவணை படிக்கிற பிள்ளையின் நித்திரையைத்தான் முதலில் எடுக்கும்.

பெரிய நகரம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. கெடுக்கிறதை விட, வாயை அடைக்கிறதுதான் அதிகம். இங்கே வகுப்பில் முதலாம் பிள்ளை, அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை ஓட, கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுப் பின்வாங்கில் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் ஒரு அறையில் நாலு பேர், பேசுவது முழுக்க ஊர்க்கதை, சிங்களம் ஒரு சொல்லும் வராது. மூன்றாம் மாதம் போனில் "எல்லாம் நல்லம்மா" என்கிறது. அந்த "நல்லம்" என்ற சொல்லை நம்பாதீர்கள். என்ன சாப்பிட்டாய், யாரோடு போனாய், எந்தப் பாடம் விளங்கவில்லை என்று கேளுங்கள். பகிடிவதை என்றால் சிரித்துச் சமாளி என்று சொல்லவே சொல்லாதீர்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். முறையிடலாம், முறையிட வேண்டும்.

தனியார் பட்டம், வெளிநாட்டுப் பட்டம் என்று வயலை விற்கிறவர்களுக்குச் சுருக்கமாக. உள்நாட்டு நிறுவனம் என்றால் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்கும் அந்தஸ்து இருக்கிறதா, அதுவும் நீங்கள் சேரப்போகும் அதே பட்டத்துக்கு இருக்கிறதா என்று வர்த்தமானியைக் கேளுங்கள். வெளிநாட்டு மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவப் பேரவை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்க வேண்டும், படித்துத் திரும்பியும் இங்கே மருத்துவராகப் பதிவதற்கான ஈஆர்பிஎம் பரீட்சை எழுத வேண்டும். பளபளப்பான புத்தகத்தைக் காட்டி முற்பணம் கேட்கிறவர் இதற்கு நேராகப் பதில் சொல்லாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஒரு வருடம் இடைவெளி எடுக்கலாமா என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் நாட்டில் அந்த இடைவெளி கேட்காமலே கிடைக்கிறது. 2023 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே கடைசியில்தான் வந்தது. 2024 நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சையையே இடையில் நிறுத்தி வைத்தார்கள். பெறுபேற்றுக்குப் பிறகும் கம்பஸ் தொடங்க மாதங்கள். அந்தக் காலத்தைப் போனில் கரைக்காதீர்கள். ஆங்கிலம் படியுங்கள், பேசுகிற அளவுக்குச் சிங்களம் படியுங்கள். மூன்று ஷையும் முடிந்து கம்பஸ் இல்லை என்றால் கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டார் விசா வரும்வரை சும்மா இருப்பதை இடைவெளி என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

மண்டூர்ப் பையனுக்கு அன்றைக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். அவன் பதிந்த கற்கைநெறியின் பீடத்துக்கு, விட்ட இடத்திலிருந்து திரும்பச் சேர முடியுமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். தாய் பக்கத்தில் இருந்து தபால் உறையில் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.

இந்த முறை வெட்டுப்புள்ளி வந்ததும், பதிவுக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பு, உங்கள் பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரிடம் ஒருதரம் போங்கள். பாடசாலையை விட்டு வந்து இரண்டு வருடமாகிவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம். போகும்போது எல்லா ஷையின் பெறுபேறும், அந்த வருடக் கைநூலும், வீட்டுச் செலவு எழுதிய கொப்பியும் கையில் இருக்கட்டும். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.