இடம்பெயர்ந்தோரா, புலம்பெயர்ந்தோரா?

சென்னைத் தொலைக்காட்சி ஒன்றில் போன வாரம் மறுபடியும் கேட்டேன்: "மியான்மர் உள்நாட்டுப் போரில் 35 லட்சம் பேர் புலம்பெயர்ந்துள்ளனர்." 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு ரங்கூன் தமிழர்களாகிய எங்கள் காது புளித்துவிட்டது. 35 லட்சத்துக்கு மேல் என்பது ஐநா சொல்லும் கணக்கு; எண்ணில் குறையில்லை. ஆனால் அந்த மக்கள் நாட்டை விட்டுப் போகவே இல்லை. வீட்டை விட்டுக் காட்டுக்கும், பக்கத்து ஊருக்கும், மடத்துக்கும், உறவினர் வீட்டுத் திண்ணைக்கும் போனவர்கள் அவர்கள். செய்தியைக் கேட்கும் மதுரைக்காரர், இத்தனை லட்சம் பேர் கப்பலேறிவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்?

புலம் என்றால் நிலம், நாடு. பெயர்தல் என்றால் விட்டு நகர்தல். அப்படிப் பார்த்தால் இடம்பெயர்தலும் புலம்பெயர்தலும் ஒன்றுதானே என்று வாதாட வருபவர்களுக்குப் பட்டினப்பாலையைக் காட்டலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்" என்று அது சொல்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வாணிகத்துக்கு வந்து, இனிதாகத் தங்கியவர்கள் அவர்கள். அன்றைக்கே அந்தச் சொல்லுக்கு வேற்றுநாடு என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐராவதி வயல்களில் நெல் அறுக்க வந்த எங்கள் முன்னோர் புலம்பெயர்ந்தவர்கள். கயா மாநிலத் தலைநகர் லோய்க்கோவில் 2022 ஜனவரியில் குண்டு விழுந்தபோது ஊரைக் காலி செய்தவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். இந்த வேறுபாட்டை ஈழத் தமிழர்கள் தெளிவாக வைத்திருக்கிறார்கள். 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்ததை அவர்கள் இடப்பெயர்வு என்பார்கள். கனடாவிலும் பிரான்ஸிலும் இருப்பவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்பார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட சொற்கள் அவை.

சரி, 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல் பிடிக்காதவர்கள் வேறு என்ன சொல்கிறார்கள்? ஒரு சாரார் 'உள்நாட்டு அகதி' என்கிறார்கள். அகதி வடசொல், கதியற்றவர் என்று பொருள். வடசொல் என்பதில் எனக்குப் பகையில்லை, தமிழில் ஊறிய சொல்தான். ஆனால் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கைப்படி நாட்டு எல்லையைத் தாண்டியவர்தான் அகதி. இந்திய எல்லையை ஒட்டிய சின் மலையிலுள்ள தன்ட்லாங் ஊரைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் அங்கே வீடுகள் எரிந்தபோது ஊரே காலியானது. எல்லையான தியாவ் ஆற்றைத் தாண்டி மிசோரத்துக்குப் போனவர்கள் அகதிகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பக்கத்து கிராமங்களில் தங்கிவிட்டவர்கள் இடம்பெயர்ந்தோர். அவர்களுக்கு உதவி போக வேண்டுமானால் யாருக்குப் பயந்து ஓடினார்களோ அந்த ராணுவத்தின் சோதனைச் சாவடியைத்தான் தாண்ட வேண்டும். அக்கரையிலும் அந்தச் சொல் சும்மா கிடைத்துவிடவில்லை. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, தாய்லாந்தும் இடவில்லை. 1984-இலிருந்து எல்லை முகாம்களில் கிடக்கும், மியான்மரிலிருந்து வந்த கரேன் மக்களைத் தாய்லாந்து அரசு 'சண்டைக்குத் தப்பி வந்தோர்' என்றே எழுதுகிறது. அகதி என்று ஒப்புக்கொண்டால் கடமை வந்துவிடுமே!

தூய தமிழ் அன்பர்கள் தரும் சொல் 'ஏதிலி'. இதில்தான் எனக்கு மனமே ஆறவில்லை. ஏதும் இல்லாதவர் ஏதிலியாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார், தொடர்பில்லாதவர். "ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்" என்று வள்ளுவர் பேதையின் செல்வத்தைச் சொல்லும்போது ஏதிலாரைத் தமருக்கு, அதாவது சொந்தக்காரருக்கு, நேர் எதிரே நிறுத்துகிறார். சொந்த நாட்டுக்குள் அடுத்த ஊருக்கு ஓடியவரை நாமே அயலார் ஆக்குவதா? மேற்கே ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யா மக்களுக்கு ராணுவம் செய்தது அதைத்தானே. 2012-இலிருந்து சிட்வே முகாம்களில் அடைபட்டிருப்பவர்களை வந்தேறிகள் என்று சொல்லிச் சொல்லியே அடைத்தார்கள். தூய்மை வேண்டும் என்று போய் அந்தப் பேச்சுக்கே ஒரு சங்கச் சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா?

ஏதும் இல்லாதவர் என்ற பொருளையே எடுத்துக்கொண்டாலும் அது பொய். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் லோய்க்கோவிலிருந்து கிளம்பும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை அரிசி, தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி மட்டும், வீட்டுப் பதிவுப் பட்டியலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அம்மாவின் மடியில், இவ்வளவும் கொண்டு போனது. அடிச்சட்டத்தை எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், தலைப்பகுதி கிடைக்காது என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்தார்கள். 2023 நவம்பரில் மறுபடி சண்டை வந்தபோது அதே தையல் தலை இன்னொரு முறை வண்டியேறியது.

பர்மியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் கேட்பதில்லை. எல்லை தாண்டியவர் 'டொக்க தே', துக்கத்தில் இருப்பவர். பாலி மொழியின் துக்கம்தான் அது. நாட்டுக்குள் ஓடியவர் 'சிட் பே ஷௌங்'. சிட் போர், பே ஆபத்து, ஷௌங் விலகுதல். போர் ஆபத்துக்கு ஒதுங்கியவர். மழைக்கு ஒதுங்கினான் என்கிறோமே, அதே ஒதுங்கல்தான். நின்றதும் திரும்பிப் போகும் நினைப்பு அதற்குள் இருக்கிறது. 'போரொதுங்கியோர்' என்று ஆக்கலாமா என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. ஆனால் வழக்கில் இருக்கும் நல்ல சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை நுழைப்பவர்களைத்தான் இங்கே திட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் ஆசையோடு விட்டுவிடுகிறேன்.

நேர்ப்பேச்சில் நாங்கள் 'ஓடி வந்தவங்க' என்போம். 2024-இல் வடக்கே லாஷியோ நகரம் கிளர்ச்சிப் படைகளிடம் விழுந்தபோது ரங்கூன் வீடுகளுக்கு வந்தவர்களும் ஓடி வந்தவங்கதான். ஆனால் இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும், வந்த காரணம் எழுத வேண்டும். மருத்துவம், கல்யாணம், இப்படி ஏதாவது எழுதுவார்கள். சிட் பே ஷௌங் என்று எழுதினால் அடுத்த கேள்வி, பையனுக்கு வயது என்ன? 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு 18 முதல் 35 வயது ஆண்பிள்ளை இருக்கும் எந்த வீடும் அந்தக் கேள்வியை விரும்பாது.

நம்மையும் இப்படித் தவறாக எழுதியிருக்கிறார்கள். 1964-இல் கடைகள் அரசுடைமையானபின் இங்கிருந்து போனவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள்; திரும்ப அங்கே முன்பு இருந்தால்தானே? தமிழ்நாட்டில் ஊர்க்காரர்கள் 'பர்மா அகதி' என்றார்கள். சட்டப்படி அது தவறு, உண்மைக்கு அதுதான் கிட்ட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'குடிமக்கள் மீது வான்தாக்குதல்' என்று எழுதுகிறார்கள். ராணுவத்தில் இல்லாதவர் என்பதற்குக் குடிமக்கள் என்றால், 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் முழுக் குடிமகன் ஆக முடியாத ஆட்கள், தமிழர்களிலேயே எத்தனையோ பேர், அவர்கள் தலையில் விழுவது என்ன? பர்மியில் படையாள் 'சித்தா', போரின் பிள்ளை. மற்றவர் 'அயட்தா', பேட்டையின் பிள்ளை. அடையாள அட்டை கேட்காத சொல். தமிழில் பொதுமக்கள் இருக்கிறதே, அது போதாதா?

கேட்டால் தலைப்பில் இடமில்லை என்பார்கள். இடம்பெயர்ந்தோர் ஒன்பது எழுத்து, புலம்பெயர்ந்தோரும் ஒன்பது. பொதுமக்கள் ஆறு, குடிமக்களும் ஆறு.