கப்பல்ல இருக்கிற பிள்ளைக்கு வைஃபை குடுக்கணுமா? ரூல்ஸ் என்ன சொல்லுது

குன்னூர், கோத்தகிரி பக்கம் பிள்ளைய கப்பலுக்கு அனுப்பிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருக்கிறவங்களுக்காக எழுதுறேன். அதுலயும் ஆராய்ச்சிக் கப்பல்னா நடுக்கடல்ல ஒரே இடத்துல நாள் கணக்கா நின்னு வேலை பாக்கும், கரை சிக்னலே கிடையாது, எல்லாமே சாட்டிலைட்தான்.

எம்எல்சி 2006னு கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒண்ணு இருக்கு, இந்தியா 2015ல ஏத்துக்கிச்சு. அதுல 2022ல பண்ண திருத்தம் 2024 டிசம்பர் 23ல இருந்து அமலுக்கு வந்துச்சு. வீட்டோட, வெளி உலகத்தோட தொடர்புல இருக்கிற வசதி கட்டாயப் பகுதிக்குள்ள வந்திருச்சு. ஆனா இன்டர்நெட்டுன்னு பேர் சொல்லி வர்றது வழிகாட்டுதல் பகுதில, அதுவும் 'முடிஞ்ச வரைக்கும் குடுக்கணும், காசு வாங்கினா நியாயமா வாங்கணும்'னுதான். அதனால ஃப்ரீ வைஃபை உரிமைன்னு வாட்ஸ்அப்ல சுத்துறத அப்படியே நம்பாதீங்க. குறை இருந்தா பையன் முதல்ல தன் மேலதிகாரி, அப்புறம் கேப்டன், அதுலயும் ஆகலன்னா டிஜி ஷிப்பிங் (கப்பல் துறைய கவனிக்கிற மத்திய அரசு அலுவலகம்)னு போகலாம், கப்பல்ல சொல்லாம நேரா வெளி அதிகாரிங்ககிட்டயும் போகலாம், புகார் குடுத்ததுக்காகப் பழிவாங்கக் கூடாதுன்னு அதே உடன்படிக்கை சொல்லுது.

இன்னொரு சிக்கல், எம்எல்சி வியாபார வேலைல இருக்கிற கப்பலுக்குத்தான். சென்னைல இருக்கிற என்ஐஓடி, அதாவது தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட சாகர் நிதி மாதிரி அரசு ஆராய்ச்சிக் கப்பல் அதுல வருமான்னு சந்தேகம் வந்தா, கப்பல் எந்த நாட்டுக் கொடில ஓடுதோ அந்த நாடுதான் முடிவு பண்ணணும். பொண்ணு சயின்டிஸ்டா ஏறியிருந்தா பொதுவா 'கடலோடி'ங்கிற கணக்குலயே வரமாட்டாங்க, அவங்க அவங்களோட இன்ஸ்டிட்யூட்லதான் கேக்கணும்.

சரி, வைஃபை இருந்தும் ஏன் பாதி ஆப் ஓடல, பிரிட்ஜ்ல, அதாவது கப்பல ஓட்டுற அறைல இருக்கிற கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் போட்டா ஏன் திட்டுறாங்கன்னு பிள்ளைங்க புலம்புவாங்க. கேப்டன் கெடுபிடி இல்லங்க அது. சைபர் ஆபத்தையும் கப்பலோட பாதுகாப்பு நிர்வாகத்துக்குள்ள கொண்டு வரணும்னு ஐஎம்ஓ (ஐநாவோட கப்பல் போக்குவரத்து அமைப்பு) 2017ல தீர்மானம் போட்டுச்சு, 2021 ஜனவரி 1க்குப் பிறகு வர்ற முதல் வருஷாந்திர ஆடிட்ல கம்பெனி அத காட்டணும்னு சொல்லிச்சு. வியாபாரம் பண்ணாத அரசு ஆராய்ச்சிக் கப்பலுக்கு இந்த விதி நேரடியா கட்டாயமில்ல, ஆனா என்னக் கேட்டா அங்கதான் ரொம்பத் தேவை. ஏன்னா ஒவ்வொரு பயணத்துக்கும் புதுசா ஒரு டீம், ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க், எந்த ஆய்வுக்கூடத்துல எந்த வைரஸ் ஒட்டிச்சோ யாருக்குத் தெரியும், அது அப்படியே சோனார் (ஒலி மூலமா கடலுக்கடியில பாக்கிற கருவி), வின்ச் (கருவிகள கடல்ல இறக்கி ஏத்துற மெஷின்), மின்னணுக் கடல்வரைபடம் இருக்கிற லைனுக்குள்ள போயிட்டா கப்பல் வழி தெரியாம நிக்கும். அதான் பணியாளர் வைஃபை தனி, கப்பல ஓட்டுற நெட்வொர்க் தனி. நம்ம நாட்டு நிறுவனத்துல குறிப்பிட்ட வகை சைபர் தாக்குதல் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துல செர்ட்-இன், அதாவது மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு சொல்லியாகணும், 2022 உத்தரவு அது.

இன்னொண்ணு, துரயா, இரிடியம் சாட்டிலைட் போன் எதையும் ஆசையா வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க, அனுமதி இல்லாம இந்தியாவுக்குள்ள வெச்சிருந்தா கேஸ்.

கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே கம்பெனியோட டிபிஏ, அதாவது கப்பல் பாதுகாப்புக்குப் பொறுப்பா கரைல இருக்கிற அதிகாரி, அவர் நம்பர எழுதி வாங்கி வைங்க. 'உங்க பையன் கப்பல் மாட்டிக்கிச்சு, உடனே பணம் போடுங்க'ன்னு எவனாவது கூப்பிட்டா முதல்ல அவருக்குப் போன் பண்ணுங்க, பணம் ஏற்கனவே போயிருந்தா அடுத்த நிமிஷமே சைபர் மோசடி புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்க.