அடுத்த வீட்டு அடுப்பு

வங்கதேசக் கிராமத்து அடுப்புக்குச் செலவே கிடையாது. தரையில் ஒரு குழி, சுற்றிக் களிமண் பூச்சு, பானை உட்கார மூன்று குமிழ். சணல் குச்சி, வைக்கோல், வறட்டி எதைத் திணித்தாலும் வாங்கிக்கொள்ளும். கூடவே புகையும். புகை என்பது எரிந்து முடியாத விறகுதான். போதுமான காற்று கிடைக்காததால், சூடேறிய விறகிலிருந்து கிளம்பும் ஆவி தீப்பற்றாமலே வெளியேறிவிடுகிறது.

திருத்திய அடுப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வாயைச் சுருக்கி, அனலை உள்ளேயே பிடித்து வைத்து விறகை மிச்சப்படுத்துவார்கள். இன்னொன்று புகைப்போக்கி வழியாகப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடும். (மிச்ச அனலைப் பக்கத்துக் கண்ணுக்குத் தள்ளும் நம் கொடியடுப்பும் முதல் சாதிதான். அதை யாரும் திட்டம் போட்டுப் பரப்பவில்லை.)

இந்த இரண்டு வகையையும் வைத்து வங்கதேசக் கிராமங்களில் கிராண்ட் மில்லர், முஷ்ஃபிக் மொபாரக் என்ற பொருளியலாளர்கள் சோதனை நடத்தினார்கள். முடிவு 2015-ல் வெளியானது. ஊரில் செல்வாக்குள்ளவர்கள் அடுப்பை வாங்கினார்களா, மறுத்தார்களா என்பதை மற்ற வீடுகளுக்குத் தெரியப்படுத்திப் பார்த்தார்கள். 'வாங்கினார்' என்ற செய்தியைவிட 'வேண்டாமென்றார்' என்ற செய்திக்குத்தான் ஊர் அதிகம் காது கொடுத்தது. அதைவிட வேடிக்கை, முதலில் வாங்கியவர்களோடு உறவும் பழக்கமும் இருந்த வீடுகள் பிற்பாடு குறைவாகவே வாங்கின. பேச்சு பரவாமல் இல்லை. நன்றாகவே பரவியது, அடுப்புக்கு எதிராக.

ஏன் அப்படி? என் கணக்கில், குறை சொல்ல ஒரு வாக்கியம் போதும். "வாய் சின்னது, குச்சியை ஒடிச்சு ஒடிச்சுப் போடணும்." "குழாய்ல கரி அடைச்சு, புகை மறுபடி உள்ளேயே வருது." கேட்கிறவள் அடுப்பைப் பார்க்காமலே நம்பிவிடுவாள். நிறையை எப்படிச் சொல்வது? வராமல் போன இருமலைப் பற்றி யார் படித்துறையில் பேசுவார்கள்? பொறுக்கிய சுள்ளிக்கு விலையில்லை, அதனால் மிச்சமானதும் காசாகக் கண்ணில் படுவதில்லை. போதாக்குறைக்கு, புகையைக் குறைக்கும் அடுப்பைப் பெண்கள் கூடுதலாக விரும்பினாலும் வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுப்பைத் தெரிந்தவர்கள் பேசுவது ஓரிடம், பணம் இருப்பது வேறிடம்.

ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற பொருளியலாளர்கள் மூவரும், திருத்திய அடுப்பு கிடைத்த வீடுகளை நான்கு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. வீடுகள் அடுப்பைச் சரிவரப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. உடைந்து மூலையில் கிடக்கும் அடுப்பைவிட மோசமான விளம்பரம் வேறு என்ன இருக்கிறது?

கென்யாவில் கதை வேறு. அங்கே 1980களின் தொடக்கத்தில் வந்த கரியடுப்புக்கு 'ஜிக்கோ' என்று பெயர். இடுப்பு ஒடுங்கிய தகர உடல், உள்ளே சுட்ட களிமண் வட்டம். தாய்லாந்து வாளி அடுப்பைப் பார்த்துப் பிறந்த யோசனை. நகரத்தில் கரியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு டின் கரி வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு வேளை வந்தால், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல அந்த ஒரு கணக்கே போதும். ஆனால் ஜிக்கோவும் முதலில் குறையோடுதான் வந்தது. களிமண் உள்வட்டம் விரிசல் விட்டது. சமைத்துப் பார்த்த பெண்கள் குழுக்கள் அதைச் சொல்ல, வடிவம் மாறியது. அடுப்பைத் தட்டிச் செய்கிறவன் 'ஜுவா காலி', அதாவது சுடும் வெயிலில் சந்தையோரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் கொல்லன். குறை சொல்ல வேண்டுமென்றால் அவனிடமே நேரில் போய்ச் சொல்லலாம்.