முழங்கால் என்ன சாப்பிடுகிறது?

“எங்க அம்மா சுத்த சைவம் சார். முழங்கால் ஜவ்வு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். எலும்பு சூப் குடிக்காம ஜவ்வு எப்படி வளரும்னு பாக்குறவங்க எல்லாம் கேக்குறாங்க. சைவத்துல அதுக்கு என்னதான் இருக்கு?” வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது.

கேட்பவர்கள் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. எலும்பைத் தின்றால் எலும்பு, ஜவ்வைத் தின்றால் ஜவ்வு. முடி வளர முடியைத் தின்னச் சொல்பவர் யாருமில்லை. மூட்டு என்று வந்துவிட்டால் மட்டும் நன்றாகப் படித்தவர்கள்கூட இந்தக் கணக்கில் விழுந்துவிடுகிறார்கள். சூப்பில் இருக்கும் கொலாஜன் வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதங்களைப் போலவே அமினோ அமிலங்களாக அறுபடும். இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொண்ட துணுக்குகள் சில இரத்தத்தில் தலைகாட்டுவது உண்மைதான். ஆனால் எந்தத் துணுக்கின் மேலும் ‘முழங்காலில் சேர்க்கவும்’ என்று முகவரி எழுதியிருப்பதில்லை.

ஜவ்வு என்று நாம் சொல்வது குருத்தெலும்பு. தொடை எலும்பின் அடிநுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் சில மில்லிமீட்டர் கனத்துக்கு, நீலம் பாய்ந்த வெண்மையில், நனைந்த கண்ணாடிபோல் படிந்திருக்கும். கோழிக்காலைக் கடித்தவர்களுக்குத் தெரியும். சைவ வாசகர்கள் என் சொல்லை நம்பவும். அதில் நரம்பு கிடையாது. ஆகவே தேய ஆரம்பிக்கும்போது வலிக்காது. வலி தெரியும்போது பக்கத்திலிருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றிய உறையும் சிக்கலில் மாட்டியிருக்கும். அதைவிட விசித்திரம், அதில் இரத்தக்குழாயும் கிடையாது. அங்கே குடியிருக்கும் உயிரணுக்களோ மொத்தப் பருமனில் ஒரு சில விழுக்காடுதான். இரத்தமே எட்டிப்பார்க்காத வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போடுவது யார்?

நடைதான்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருந்த அழுக்குத் தண்ணீர் வெளியே வரும். கையை எடுத்தால் ஸ்பாஞ்ச் விரிந்து புதுத் தண்ணீரை உறிஞ்சும். முழங்காலில் கிண்ணத்துத் தண்ணீருக்குப் பதில் மூட்டு நீர். இரத்தத்திலிருந்து வடிகட்டி இறங்கும் இந்தக் கொழகொழப்பான நீர், ஆரோக்கியமான முழங்காலில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே இருக்கும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நசுங்கி, கழிவு கலந்த நீரைக் கக்கும். காலைத் தூக்கும்போது விரிந்து, சத்து கலந்த நீரைக் குடிக்கும். குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் அமுக்காமலே மெல்ல ஊறி உள்ளே போய்விடும். பெரியவற்றுக்குத்தான் இந்தத் தள்ளுமுள்ளு தேவைப்படுகிறது.

சாதாரண ஸ்பாஞ்சுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். உங்கள் சமையலறை ஸ்பாஞ்சின் மேல் ஒரு ஆள் ஏறி நின்றால் அப்பளமாகிவிடும். குருத்தெலும்பின் மேல் வாழ்நாள் முழுக்க ஒரு ஆள் நிற்கிறார். எப்படித் தாங்குகிறது? உள்ளே அக்ரிகேன் என்றொரு மூலக்கூறு இருக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷைக் கற்பனை செய்யுங்கள்: நடுவே ஒரு புரதத் தண்டு, சுற்றிலும் நூறு போல சர்க்கரைச் சங்கிலிகள். மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கும் காண்ட்ராய்டின் சல்பேட் இந்தச் சங்கிலிகள்தான். ஒவ்வொரு சங்கிலியிலும் வரிசையாக எதிர்மின்னேற்றம். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் பிரஷ் எப்போதும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அந்த மின்னேற்றங்களை நாடி சோடியம் அயனிகள் வரும், அவற்றின் பின்னாலேயே தண்ணீர் வரும். விட்டால் குருத்தெலும்பு ஊதிக்கொண்டே போகும். போகவிடாமல் இழுத்துக் கட்டியிருப்பது கொலாஜன் இழைகளின் வலை. ஊதத் துடிக்கும் அக்ரிகேன், ஊதவிடாத கொலாஜன்: இந்த இழுபறியில் விறைத்து நிற்பதுதான் உங்கள் ஜவ்வு. எடையில் முக்கால்வாசிக்குப் பக்கம் தண்ணீர்.

மேலே பாரம் ஏறும்போது அந்தத் தண்ணீர் சட்டென்று ஓடிவிடவும் முடியாது. வலையின் துளைகள் நானோமீட்டர் அளவு. வெளியேற வழி தேடித் திணறும் நீரே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்துவிடுகிறது. திடப்பொருளுக்கு வேலை குறைவு. உராய்வோ பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவாக இருக்கமுடியும். பல தோப்புக்கரணம் போட்டவரை எம்ஆர்ஐ எடுத்தால், முழங்கால் சில்லின் குருத்தெலும்பு சுமார் 6 விழுக்காடு சுருங்கியிருப்பது தெரியும். பழைய நிலைக்கு ஊற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முதுகுத்தண்டில் அடிபட்டுக் காலை அசைக்க முடியாமல் போனவர்களுக்கு, காலில் எந்தக் குறையும் இல்லாதபோதும், மாதங்கள் செல்லச் செல்ல முழங்கால் குருத்தெலும்பு மெலிகிறது.

சரி, கொலாஜன் வலை கிழிந்தால் புதிதாகப் பின்ன முடியாதா? இதற்கான விடை அணுகுண்டிலிருந்து கிடைத்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டித்தது. வெட்டவெளிச் சோதனைகளுக்குத் தடைபோட்ட 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. சாப்பாட்டு வழியாக அது உடலுக்குள்ளும் வரும் என்பதால், எந்த ஆண்டு உருவான திசுவோ அந்த ஆண்டின் முத்திரை அதில் இருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்தார்கள். அதிலிருந்த கொலாஜன் இளமைக்காலத்து முத்திரையையே தாங்கியிருந்தது. வளர்ந்தபிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மிகச் சொற்பம். அம்மாவின் முழங்காலில் இருப்பது அவர் பள்ளிக்கூடம் போன காலத்துக் கொலாஜன். அக்ரிகேனை மட்டும் உயிரணுக்கள் அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்கின்றன. சூப்போ பொடியோ ‘ஜவ்வை வளர்க்கும்’ என்ற விளம்பரத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. தசைநாண், தசைநார், எலும்பு, தசை எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் முழங்காலுக்குப் பாதிச் சுமை இறங்கியமாதிரி. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். பருப்பு, சோயா, பால், தயிர், கொட்டைகள் என்று கலந்து சாப்பிட்டால் சைவத்தில் இது எட்டக்கூடியதே. வேடிக்கை என்னவென்றால், கொலாஜன் பொடி புரதமாக மதிப்பிடப்பட்டால் தேறுவது பூஜ்யம். டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. அதில் கொட்டிக்கிடக்கும் கிளைசினையும் புரோலினையும் உடலே தயாரித்துக்கொள்ளும்.

கூடவே வைட்டமின் சி. கொலாஜன் மூன்று புரி கயிறு. இதைச் சொன்னவர்கள் 1954–55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்தக் கயிறு உடல் வெப்பத்தில் அவிழாமல் இருக்க, புரோலினில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து முடிச்சுப் போடவேண்டும். முடிச்சுப் போடும் நொதியை வேலைக்கு ஆயத்தமாக வைத்திருப்பது வைட்டமின் சி. முடிச்சில்லாத கயிறு 24 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடலோ 37. வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்த மாலுமிகளுக்கு ஆறிய புண்கள் மறுபடி பிளந்தது இதனால்தான். ஒரு கொய்யாப்பழம் அன்றைய தேவைக்குமேல் தந்துவிடும். மூட்டுவலிக்குப் புளிப்பு ஆகாது என்று எலுமிச்சையையும் ஆரஞ்சையும் ஒதுக்கிவைப்பவர்களை என்னவென்று சொல்வது.

இனி மாத்திரைகள். குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் ஜவ்வின் செங்கற்கள், அவற்றை விழுங்கினால் சுவர் எழும்பும் என்பது வாதம். அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2006இல் வந்தது. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில்? 60.1. வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். வலி மிதமாகவோ கடுமையாகவோ இருந்த சிறு பிரிவில் மட்டும் பலன் தெரிந்தது. அதைவைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்குச் செலவழித்தது மாத்திரைக் கம்பெனி அல்ல, அரசுப் பணம். இப்படி ஒன்று நடக்காமலிருந்தால் இன்றும் விளம்பரங்களை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருப்போம். சலிப்பூட்டும், ‘பலனில்லை’ என்று முடியக்கூடிய ஆய்வுகளுக்குத்தான் பொதுப்பணம் முதலில் போகவேண்டும் என்பேன். வேறு யாரும் அதற்குக் காசு தரமாட்டார்கள்.

சைவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது. சோளத்திலிருந்து நொதித்துச் செய்வதும் கிடைக்கும். காண்ட்ராய்டின் மாட்டின் மூச்சுக்குழாய் போன்ற இடங்களிலிருந்து. கேப்சூலின் கூடே பலசமயம் ஜெலட்டின், அதாவது வேகவைத்த கொலாஜன். டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்கினால் சூப்புக்கு மறுத்தவர் மாத்திரையில் அதையே விழுங்குவார்.

ஒமேகா-3க்கு மீன் எண்ணெய்தான் வழி என்பதும் சரியல்ல. மீனுக்கே அது பாசியிலிருந்து வருகிறது. பாசி எண்ணெய் நேராகவே கிடைக்கிறது. ஆளிவிதையில் இருப்பது வேறு வடிவம், உடல் அதில் சிறுபங்கையே மாற்றிக்கொள்ளும். ஒமேகா-3 வலியைத் தணிப்பதற்குச் சான்று இருப்பது முடக்குவாதம் எனும் ருமட்டாய்டு மூட்டு அழற்சியில்தான். மூட்டுத் தேய்மானத்தில் சான்று மெலிவு. மஞ்சள் நல்லதுதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மஞ்சள்தூளில் குர்குமின் 3 விழுக்காடு போல. ஆய்வுகளில் கொடுப்பது நாளுக்கு 1 கிராம் குர்குமின். அதற்கு 30 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்னவேண்டும். செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்தவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கு ஈடான மாத்திரை கிடையாது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

ஆகவே, அம்மாவுக்கு: காலையில் எழுந்ததும் கால் மரக்கட்டைபோல் இருக்கிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட வேண்டாம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்காரட்டும். முதல் வாரம் ஐந்து முறை போதும். வலி மறுநாளும் தங்கினால் மூன்றாகக் குறைக்கலாம்.