கீ-67: பெருக்கச் சுட்டெண்

மூளைக்கட்டியை எடுத்த பிறகு வரும் பயாப்சி அறிக்கையில், கிரேடு (கட்டி எவ்வளவு கடுமையானது என்ற தரநிலை) எழுதிய இடத்துக்கு அருகே பெரும்பாலும் இன்னொரு வரி இருக்கும்: 'கீ-67: 6%'. சில ஆய்வகங்கள் இதையே எம்ஐபி-1 என்று எழுதும். இரண்டும் சுட்டுவது, பெருகும் செல்களில் காணப்படும் ஒரே புரதத்தைத்தான்.

பெயரின் முதல் பாதி ஓர் ஊர். வட ஜெர்மனியில் உள்ள கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் கெர்டெஸும் குழுவினரும் ஹாட்ஜ்கின் லிம்போமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) செல்களின் உட்கருக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் எதிர்ப்பான்களை (ஆன்டிபாடி) உருவாக்கினார்கள். 96 குழிகள் கொண்ட தட்டின் 67ஆம் குழியில் வளர்ந்த குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய செல்கூட்டம்) தந்த எதிர்ப்பான், பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் உட்கருவில் மட்டும் ஒட்டியது. 1983இல் இது வெளியானது. கீ-1 என்பதும் கீல் ஆய்வகத்தில் பிறந்த பெயர்தான், ஆனால் அது சிடி30 என்ற வேறு புரதம். லிம்போமா அறிக்கைகளில் வரும்.

முதல் எதிர்ப்பான் உறையவைத்த புதுத் திசுவில்தான் வேலை செய்தது. ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்த திசுவிலும் ஒட்டும் எம்ஐபி-1 என்ற எதிர்ப்பான், 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பிறகே கீ-67 அன்றாடப் பரிசோதனையானது.

இந்தப் புரதத்தைத் தரும் மரபணு எம்கேஐ67, 10ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் செல்லில் (ஜி0 கட்டம்) புரதம் காணப்படாது. பிரிவுச் சுழற்சிக்குள் நுழைந்த செல்லில் இருக்கும். செல் பிரியும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் மேற்பூச்சாக நின்று காப்பது இதன் வேலைகளில் ஒன்று.

தமிழில் என்ன சொல்வது? கீ-67 ஆய்வகம் இட்ட குறிப்பெயர், அப்படியே இருக்கட்டும். அதற்கு எதிரே வரும் சதவீதத்தைப் 'பெருக்கச் சுட்டெண்' எனலாம். 'வீரிய எண்', 'தீவிர எண்' என்று எழுதுவது தவறு. எத்தனை செல்கள் பெருகும் சுழற்சியில் உள்ளன என்பதை மட்டுமே இது சொல்கிறது. உதாரணமாக, ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாத, பெரியவர்களுக்கு வரும் பரவல் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக்கட்டியில் டெர்ட் மரபணுவின் ஊக்கிப் பகுதி மாற்றமோ, ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பெருக்கமோ, 7ஆம் குரோமோசோம் கூடி 10ஆம் குரோமோசோம் இழந்த நிலையோ இருந்தால், 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அதைக் கிளையோபிளாஸ்டோமா (மிகக் கடுமையான மூளைக்கட்டி), கிரேடு 4 என்றே கொள்கிறது. கீ-67 குறைவாக இருப்பது அதை மாற்றாது. கிரேடு என்பதற்கும் 'தரநிலை'தான் சரி. 'நிலை' என்றால் உடலில் எவ்வளவு பரவியது என்ற ஸ்டேஜ் ஆகிவிடும்.

எண் பிறக்கும் விதம் இது. 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் வெட்டிய சீவலில் பாரஃபினை நீக்கி, சிட்ரேட் கரைசலில் (பிஹெச் 6) கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்குவார்கள். ஃபார்மலின் பூட்டிவைத்த புரதம் அப்போதுதான் எதிர்ப்பானுக்கு எட்டும். பிறகு எதிர்ப்பான், அது ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கும் டிஏபி சாயம், மற்ற உட்கருக்களை நீலமாக்கும் ஹெமடாக்சிலின். பெருகும் உட்கரு பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். பழுப்பு மிகுந்த இடத்தில் 500 முதல் 1000 கட்டிச் செல்களை எண்ணுவது பொதுவான வழக்கம். 1000இல் 38 பழுப்பு என்றால் 3.8%.

பிசகுவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான். கட்டிக்குள் புகுந்த லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளையணுக்கள்), மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்), ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் ஆகியவையும் பெருகும். அவற்றைச் சேர்த்து எண்ணினால் சதவீதம் ஏறும். திசு ஃபார்மலினுக்குப் போகத் தாமதமானால் சாயம் மங்கி எண் குறையும். பழுப்பு மிகுந்த இடத்தை ஒருவரும் பரந்த பரப்பின் சராசரியை இன்னொருவரும் எண்ணினால் ஒரே சிலைடுக்கு இரண்டு விடை வரும். ஊசி பயாப்சியில் கிடைக்கும் நூல்போன்ற திசுவில் பழுப்பு மிகுந்த இடம் அகப்படாமலே போகலாம்.

மூளையைச் சுற்றிய உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டியில் 4% என்ற எல்லை அடிக்கடி பேசப்படுகிறது. அதைத் தாண்டினால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் கண்காணிப்பை நெருக்கமாக்குவார்கள். ஆனால் அங்கும் கிரேடு 2க்கான அளவுகோலில் கீ-67 இல்லை. மூளைத்திசுவுக்குள் ஊடுருவல், நுண்ணோக்கியில் மிகவும் பெரிதாக்கிப் பார்க்கும் 10 புலங்களில் 4 முதல் 19 செல்பிரிவுகள் போன்றவையே அதைத் தீர்மானிக்கின்றன. எல்லையருகே வந்த 3.8%க்கும் 4.2%க்கும் உள்ள வேறுபாடு எண்ணுபவரின் கையில் இருக்கிறது.

கட்டி திரும்ப வந்து மறு அறுவை நடந்தால், முந்தைய பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்துவைத்த திசு) வாங்கி, புதியதோடு சேர்த்து ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் சாயமிட்டு, ஒருவரே எண்ணித் தரக் கேட்கலாம். வேறு வேறு ஆய்வகங்கள் தந்த 3%ஐயும் 8%ஐயும் பக்கத்தில் வைத்து, கட்டி வேகமெடுத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.