கசியும் ஆக்ஸில் சீல்: புதிது போடும் முன்

எஸ்யூவியின் பின் சக்கரத்து உட்பக்கம் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால், முதலில் அதை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் கியர் ஆயில். கசிவது ஆக்ஸில் சீல், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம். அந்த வாடை இல்லாமல் நீர்த்து ஓடி, தண்ணீரில் கரைந்தால் பிரேக் ஆயில். அப்போது பார்க்க வேண்டியது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை.

சீலின் ரப்பர் உதடு ஆக்ஸில் தண்டை எண்ணெயில்லாமல் வறட்சியாக இறுக்கிப் பிடிப்பதில்லை. உதட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சுருள் கம்பி அதைத் தண்டின்மேல் லேசாக அழுத்துகிறது. இரண்டும் தொடும் பட்டை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அங்கே ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும். உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் வெளிப்பக்கச் சரிவு தாழ்வாகவும் இருப்பதால், தண்டு சுழலும்போது ரப்பரின் நுண்ணிய மேடுகள் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகின்றன. சீலைத் திருப்பிப் போட்டால் இதே வேலை தலைகீழாகி எண்ணெய் வெளியே போகும். சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும்.

புதுச் சீலும் சில வாரத்தில் கசிந்தால் பெரும்பாலும் குற்றம் சீலில் இல்லை. முதல் சந்தேகம் பிரீதர், அதாவது ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் சிறு வழி. ஆக்ஸிலின் உறையான ஹவுசிங் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகி, காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளழுத்தம் சுமார் 20 சதவீதம் ஏறும். அது உதட்டைத் தண்டோடு சேர்த்து நசுக்கும். படலம் மெலிந்து ரப்பர் சூட்டில் கெட்டியாகும். சூடான வண்டியை வெள்ளத்தில் இறக்கினாலோ எதிர்மாறாக நடக்கும்: உள்காற்று குளிர்ந்து சுருங்கி, உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சும், ஆயில் பால்போல் வெளுக்கும். பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து தண்டு. சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள்; நகம் இடறினால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கசியும்.

1997–2006 ஜீப் ராங்ளரின் டேனா 35 ஆக்ஸிலை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆக்ஸில் குழாயின் கீழ் ஸ்டாண்ட் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து டிரம்மைக் கழற்றுங்கள். வடிகால் மூடி கிடையாது. டிஃபரன்ஷியலின் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் தொகுதி) கவரைத் திறந்தால் சுமார் 1.7 லிட்டர் கொட்டும். அதன் சிறு கியர்களைத் தாங்கும் குறுக்கு ஊசியின் லாக் போல்ட் உடைவதில் பேர் பெற்றது, நிதானமாகத் திருகுங்கள். ஊசியை உருவியபின் டிஃபரன்ஷியலைச் சுழற்றாதீர்கள், சிறு கியர்கள் கழன்று விழும். தண்டை உள்ளே தள்ளினால் அதன் உள்முனையைப் பிடித்திருக்கும் சி-கிளிப் விடுபடும், பிறகு தண்டை வெளியே இழுக்கலாம். பேரிங் உருளைகள் இந்தத் தண்டின் மேலேயே ஓடுகின்றன. அங்கே புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால் பேரிங்கோடு தண்டையும் மாற்றியாக வேண்டும்.

சீல் உட்காரும் துளையைத் துடைத்து, உதட்டில் கியர் ஆயில் தடவி, சீலின் வெளிவிளிம்பளவு குழாய்த்துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சாய்ந்து இறங்கினால் உதடு ஒருபுறம் மட்டும் தேயும். தண்டை நுழைக்கும்போது அதன் எடையைக் கையில் தாங்குங்கள். தண்டு முனையின் ஸ்ப்லைன் பற்கள் உதட்டை உரசினால் புதுச் சீல் அங்கேயே கிழிந்துவிடும். லாக் போல்ட்டுக்கு த்ரெட்லாக்கர் பசை, கவருக்கு சிலிக்கான் கேஸ்கட் பேஸ்ட் போட்டு, ஜிஎல்-5 தரக் கியர் ஆயிலை நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை ஊற்றுங்கள்.

எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கை பெட்ரோலில் கழுவியோ தீயில் வாட்டியோ மீட்க முடியாது. இரண்டு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள்.