நாட்டுச்சர்க்கரை என்றாலும் பல் கூசத்தான் செய்யும்

தீபாவளியோ பொங்கலோ முடிந்த வாரத்தில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பலர் சொல்வது இதுதான்: "கச்சாயம் கடிச்சா இந்தப் பக்கம் சுருக்குனு இழுக்குதுங்க டாக்டர், மத்த நேரம் ஒண்ணும் இல்லீங்க." கூடவே, "வெள்ளைச் சர்க்கரை தொடறதே இல்லீங்க, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான்" என்பார்கள்.

பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற சர்க்கரை அது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். வாயில் இருக்கும் பாக்டீரியா எந்தச் சர்க்கரையையும் அமிலமாக்கிவிடும், அச்சுவெல்லம், தேன், கருப்பட்டி எல்லாம் இதில் சேர்த்திதான்.

பல்லின் மேல் உறையான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருக்கிற டென்டின் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம், அது நரம்பு இருக்கும் பல்கூழ் வரைக்கும் போகும். எனாமல் உடைந்தோ ஈறு கீழிறங்கியோ டென்டின் வெளியே தெரிந்துவிட்டால், அடர்த்தியான இனிப்பு படும்போது அந்தத் திரவம் வெளிப்பக்கம் இழுக்கப்படுகிறது, உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிற மாதிரி. அந்த அசைவைத்தான் நரம்பு வலியாக உணர்கிறது. உடனே தண்ணீரில் கொப்பளித்தால் இனிப்பு கரைந்துபோய் பலருக்கு அடங்கிவிடும்.

அப்படியானால், எங்கே திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு பல் என்றால் சொத்தை, விரிசல், அல்லது பழைய அடைப்பின் ஓரம் விட்டுப்போயிருக்கலாம். பல பற்கள் என்றால், கெட்டியான பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தது, செங்கல் தூள், சாம்பல், வருஷக்கணக்காகப் பாக்கு மென்று தேய்ந்தது, அடிக்கடி நெஞ்செரிச்சலோடு வாய்க்கு வரும் புளிப்பு என்று பல காரணம் இருக்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனிப்புப் பட்டதும் வாயின் அமிலத்தன்மை கூடி, பி.எச். (அமிலம் கூடக்கூட இறங்குகிற அளவு) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும், அதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் பல்லுக்கு ஓய்வே இல்லை. அதனால் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதைக் குறையுங்கள். இடையில் வரும் டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பழகலாம்.

வலி சில நொடிகளில் போய்விட்டால் பெரும்பாலும் அடைத்தாலே போதும். இனிப்பை விழுங்கிய பிறகும் நிமிஷக்கணக்கில் நின்றாலோ ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ பல்கூழ் வீங்கியிருக்கலாம், அப்புறம் வேர் சிகிச்சைதான், செலவும் பல மடங்கு. நிறையப் பேர் அடுத்த பக்கம் மென்று சமாளிக்கிறார்கள். சில மாதத்தில் வலி தானாக நின்றுவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நரம்பு செத்திருக்கலாம், அடுத்து வருவது சீழும் வீக்கமும்.

பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் தினம் இரண்டு தடவை, இரண்டு முதல் நான்கு வாரம் தேய்க்க வேண்டும், சொத்தையை அது மூடாது. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். வலி மாத்திரையைக் கன்னத்தில் அதக்கி வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.

குழந்தைகளுக்குக் கூசுகிறது என்று சொல்லத் தெரியாது. ஆசையாகத் தின்ற மிட்டாயைத் திடீரென்று ஒதுக்கினாலோ ஒரே பக்கமாக மென்றாலோ வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் கூட்டி வாருங்கள், இரண்டு பல்லுக்கு இடுக்கில் இருக்கிற சொத்தை பல நேரம் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.